எண்ணெய்ச்சட்டியும் மெய்ப்பாடும்: பொத்தேரி மாலைக் கடைகளை முன்வைத்துப் பொரித்த தின்பண்டங்களின் ஈர்ப்பு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

உடலுக்குத் தீங்கு தரும் என நன்கு அறியப்பட்ட பின்னரும் எண்ணெயில் பொரித்த தின்பண்டங்கள் பெரும் ஈர்ப்புடன் விளங்குகின்றன. இந்த ஈர்ப்பை அறியாமை என்றோ நாவடக்கமின்மை என்றோ விளக்குவது பொதுவழக்கு. சென்னையின் தென்புறநகரான பொத்தேரியின் மாலைக் கடைகளைக் களமாகக் கொண்டு, தமிழ் உணவுச் சொற்கள், பொருநராற்றுப்படை, திருக்குறளின் மருந்து அதிகாரம், தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை அவ்விளக்கத்தை மறுபரிசீலனை செய்கிறது. தமிழாய்வுகளில் பெருகியுள்ள ‘உணவே மருந்து’ என்னும் அணுகுமுறை இந்த ஈர்ப்பை விளக்கப் போதாது என்பதும், ‘அளவு’ என்னும் கருத்தாக்கமே இதற்கு ஏற்ற கருவி என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: தின்பண்டம், பொரித்தல், மெய்ப்பாடு, பொருநராற்றுப்படை, சிக்கன் 65, அளவு, பொத்தேரி.

1. முன்னுரை

தமிழர் உணவு பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் கடந்த சில பத்தாண்டுகளில் எண்ணிக்கையில் பெருகியுள்ளன. அவற்றுட் பல, சங்க இலக்கியங்களில் இடம்பெறும் தினை, வரகு, சாமை முதலிய தானியங்களையும், மிளகு, இஞ்சி, புளி முதலிய சேர்மானங்களையும் தொகுத்துரைத்து, ‘பழந்தமிழர் உணவையே மருந்தாகக் கொண்டனர்’ என்று முடிகின்றன. இம்முடிபை ஏற்கும் ஆய்வாளர், தம் கல்லூரி வாயிலில் மாலை ஐந்து மணிக்குக் கூடும் கூட்டத்தைப் பற்றி ஒன்றும் கூற இயலாதவராகிறார். அக்கூட்டம் மிளகாய் பஜ்ஜிக்கும் சிக்கன் பக்கோடாவுக்கும் காத்து நிற்கிறது. ‘மரபை மறந்த தலைமுறை’ என்று வருந்துவது ஒன்றே அவருக்கு எஞ்சும் வழி.

மருத்துவ நோக்கு இதனினும் துல்லியமானது. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி ஆற்றலைத் தருகிறது. மாவுச்சத்தும் புரதமும் 4 கலோரியே தருகின்றன. இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள் என 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவை மறுக்கத்தக்கன அல்ல. ஆயினும் தீங்கை எடுத்துரைக்கும் இந்நோக்கு, அத்தீங்கை அறிந்தவரும் ஏன் தின்கின்றனர் என்னும் வினாவைத் தொடுவதில்லை. மருத்துவக் கல்வி பயிலும் மாணவரும் அதே கடையில்தான் நிற்கின்றனர். எனவே அறியாமை என்னும் விளக்கம் நிற்காது. அறிந்தும் விரும்பும் இந்நிலையைத் தமிழின் மொழி மரபும் இலக்கண மரபும் எவ்வாறு விளக்க உதவும் என்பதே இக்கட்டுரையின் வினா.

2. உண்பனவும் தின்பனவும்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், வெவ்வேறு வினைக்குரிய பொருள்களை அடக்கிய பொதுச்சொல்லை அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையால் கூறலாகாது என்று விதிக்கிறது. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு உணவைச் சார்ந்தது. ‘அடிசில்’ என்னும் பொதுச்சொல் உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்னும் நால்வகையையும் அடக்கும். ஆகையால் அதனைத் ‘தின்றார்’ என்றோ ‘பருகினார்’ என்றோ முடித்தல் வழுவாகும். ‘அயின்றார்’, ‘மிசைந்தார்’ போன்ற பொதுவினையே பொருந்தும்.

இவ்விதி இலக்கண நுட்பம் மட்டுமன்று. ஒரு பண்பாட்டு வகைப்பாடும் ஆகும். பொரித்த பண்டங்கள் ‘தின்பன’ என்னும் வகையைச் சார்ந்தவை. இன்றும் தமிழில் ‘சோறு உண்டான்’ என்பது இயல்பாதல்போல ‘முறுக்கு உண்டான்’ என்பது இயல்பாவதில்லை. தின்பண்டம், நொறுக்குத் தீனி, பலகாரம் ஆகிய சொற்கள் பசி தீர்க்கும் கடமையிலிருந்து விடுபட்ட ஒரு வெளியைக் குறிக்கின்றன. வடையைச் சத்துக் கணக்கால் மட்டும் அளப்பது, தின்பதனை உண்பதன் வினையால் முடிக்கும் வழுவுக்கு ஒப்பானது.

பொரித்தல் தொடர்பான வினைச்சொற்களும் கருதத்தக்கன. அப்பளம் பொரிக்கப்படுகிறது, பஜ்ஜி போடப்படுகிறது, முறுக்கு சுற்றப்படுகிறது அல்லது சுடப்படுகிறது, வடையும் பூரியும் சுடப்படுகின்றன. எண்ணெயில் மூழ்கி வேகும் பண்டத்திற்கும் தீயில் நேரே வாட்டுதலைக் குறிக்கும் ‘சுடு’ என்னும் வினையே வழங்குகிறது. ‘பொரி’ என்னும் சொல்லோ நெற்பொரியைப்போல எண்ணெய் கலவாத வெப்பத்தில் மலர்வதையும் குறிப்பது. ஆழ்ந்த எண்ணெயில் பொரிப்பதற்கெனத் தனிவினை ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளாமல், தீக்கும் வறட்டு வெப்பத்திற்கும் உரிய வினைகளைத் தமிழ் எண்ணெய்க்கும் நீட்டித்துள்ளது.

எண்ணெயைப் பற்றிய வழக்குகள் அதற்கு உயிர்த்தன்மை ஏற்றுகின்றன. எண்ணெய் ‘காய்கிறது’, சரியாகக் காயாவிடில் மாவு ‘எண்ணெய் குடிக்கிறது’. இவ்வழக்கு அறிவியலுக்கும் பொருந்துகிறது. ஏறத்தாழ 170 முதல் 190 பாகை செல்சியசில் மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும்போது, அவ்வாவியே எண்ணெயை உட்புகாமல் தடுக்கிறது. வெப்பம் குறைந்தால் ஆவியின் தடுப்பும் குறைந்து எண்ணெய் உட்செல்கிறது. பண்டத்தை வெளியே எடுத்து ஆறவிடும்போதும் புறத்தே ஒட்டிய எண்ணெய் உள்ளிழுக்கப்படுகிறது. சூட்டோடு வடித்துச் சூட்டோடு தின்ன வேண்டும் என்னும் வீட்டு அறிவு இதனை முன்பே உணர்ந்திருந்தது.

குழந்தைக்குச் சொல்லப்படும் முதற்கதைகளுள் ஒன்று பாட்டி வடை சுட்ட கதை. ஈசாப்புக் கதைமரபில் காகத்தின் வாயிலிருந்தது பாலாடைக்கட்டி. தமிழ் வாய்மொழி அதனை வடையாக்கியதோடு, சுடும் பாட்டியையும் கதைக்குள் சேர்த்தது. காகம் திருட, நரி ஏமாற்ற, எல்லோரும் விரும்பும் பொருள் எது என்னும் வினாவுக்குக் கதைசொல்லிகள் கண்ட விடை எண்ணெயில் வெந்த வடை. வெறும் பேச்சைக் குறிக்கும் ‘வாயால் வடை சுடுதல்’, இழப்பைக் குறிக்கும் ‘வடை போச்சே’ ஆகிய இக்கால வழக்குகளிலும் வடையே ஆசையின் குறியாக நிற்கிறது.

3. பொத்தேரி என்னும் களம்

பொத்தேரி, சென்னைக் கடற்கரை – செங்கல்பட்டுப் புறநகர் ரயில் தடத்தில் கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்குளத்தூருக்கும் இடையே அமைந்த நிலையம். ஏரியைப் பெயரிற் கொண்ட இவ்வூர், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய எஸ்.ஆர்.எம். கல்வி வளாகத்தின் வளர்ச்சியால் மாணவர் குடியிருப்பாக மாறியது. அடுக்ககங்களும் விடுதிகளும் பெருக, அவற்றை நம்பிய உணவுக் கடைகளும் பெருகின. இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே தெருவில் மாலையைக் கழிக்கின்றனர்.

இத்தெருக்களின் எண்ணெய்ச்சட்டிகளில் மூன்று மரபுகள் கலந்து வேகின்றன. வடை, பஜ்ஜி, போண்டா ஆகியவை தமிழகத் தேநீர்க்கடை மரபின. சமோசா, கச்சோரி, பட்டூரா ஆகியவை வட மாநிலங்களின் வழி வந்தவை. பொரித்த மோமோ, உருளைக்கிழங்கு விரல் வறுவல், மாவு பூசிய கோழித்துண்டு ஆகியவை உலகச் சந்தையின் சாயல் கொண்டவை. ஆவியில் வேகவைப்பதே இயல்பான மோமோவும் இங்கு எண்ணெய்க்குள் இறங்குகிறது என்பது கருதத்தக்கது.

இந்த ஈர்ப்புக்குச் சுவைக்கு அப்பாற்பட்ட காரணங்கள் உள்ளன. ஒன்று, நம்பிக்கை. புதிய ஊரில் மொழி அறியாத ஒருவர்க்கு மூடிய பாத்திரத்தில் இருக்கும் குழம்பைவிடக் கண்முன்னே கொதிக்கும் எண்ணெயிலிருந்து எடுக்கப்படும் பண்டம் பாதுகாப்பானதாகத் தோன்றுகிறது. அவ்வெண்ணெய் எத்தனை முறை காய்ந்தது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் கொதிப்பு தெரிகிறது. இரண்டு, தெரிவு. விடுதிச் சாப்பாடு மணிக்கணக்குக்கும் வாரப்பட்டியலுக்கும் உட்பட்டது. பிறர் முடிவு செய்தது. மாலைத் தீனியோ மாணவர் தாமே தேர்ந்தெடுப்பது. மூன்று, பகிர்வு. பக்கோடா 100 கிராம் கணக்கில் நிறுத்துத் தாளில் கட்டித் தரப்படுகிறது; ஒரு பொட்டலத்தைச் சுற்றிப் பல கைகள் நீள்கின்றன. தனித்தட்டில் இடப்படும் உணவுக்கு இவ்வியல்பு இல்லை.

4. ‘65’ என்னும் பின்னொட்டு

பொத்தேரிக் கடைகளின் விலைப்பட்டியலில் மிகுதியாகக் காணப்படும் எண், விலையைக் குறிப்பதன்று. சிக்கன் 65, காலிஃப்ளவர் 65, பனீர் 65, காளான் 65 என அது பெயர்ச்சொல்லின் பின்னொட்டாக வழங்குகிறது. சென்னை மவுண்ட் சாலையில் 1951இல் தொடங்கப்பட்ட புகாரி ஓட்டல், தன் உணவுப்பட்டியலில் 1965இல் இப்பண்டத்தைச் சேர்த்ததாகவும், அவ்வாண்டே பெயராயிற்று என்றும் கூறிவருகிறது. அதன்வழியே 78, 82, 90 என்னும் எண்களைக் கொண்ட பண்டங்களும் அப்பட்டியலில் இடம்பெற்றன. அவ்வெண்களுக்குக் கிட்டாத பரவல் 65க்குக் கிட்டியது.

பெயர்க்காரணம் பற்றி வழங்கும் வாய்மொழிக் கதைகள் ஆராயத்தக்கன. 65 மிளகாய் சேர்த்தது என்பது ஒரு கதை. 65 நாள் வளர்ந்த கோழி என்பது மற்றொன்று. 65 துண்டுகளாக வெட்டப்பட்டது என்பது இன்னொன்று. உணவுப்பட்டியலின் வரிசை எண் என்பதும் உண்டு. இவற்றுள் மிளகாய்க் கதையும் துண்டுக் கதையும் அந்த எண்ணை ஒரு மிகையின் அளவாகக் கொள்கின்றன. 65 மிளகாயைக் கொண்ட பண்டத்தை எவரும் தின்ன இயலாது என்பதைச் சொல்பவரும் அறிவர், கேட்பவரும் அறிவர். ஆயினும் கதை நிலைக்கிறது. பண்டம் ஒன்று ‘அளவு மீறியது’ என்னும் புகழே அதனை விரும்பச் செய்கிறது என்பதற்கு இக்கதைகள் சான்று.

தமிழகத்தின் வேறு பகுதிகளிலும் இம்மிகை நாடும் போக்கைக் காணலாம். விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டா, ஏற்கெனவே எண்ணெயில் பிசைந்து அடுக்கப்பட்ட பரோட்டாவைத் தட்டிய கல்லின் எண்ணெயில் மொறுமொறுவென மீண்டும் பொரிப்பது. கோவைச் சாலையோரக் ‘காளான்’, முட்டைக்கோசும் மைதாவும் கலந்து பொரித்ததனைப் பிய்த்துப் போட்டு மீண்டும் மசாலாவில் கொதிக்கவிடுவது. கொழும்பு காலிமுகத்திடலில் முழு இறாலை மேலே பதித்துப் பொரிக்கும் ‘இசோ வடை’ மாலைநேரக் கூட்டத்தை ஈர்க்கிறது. பொரித்ததை மேலும் கனமாக்குதல் என்னும் ஒரே விதி இவற்றுள் இயங்குகிறது.

5. மிகையின் இலக்கிய மரபு

பழந்தமிழர் அளவறிந்தே உண்டனர் என்னும் பொதுக்கூற்றைப் பொருநராற்றுப்படை ஏற்க விடுவதில்லை. முடத்தாமக்கண்ணியார் கரிகாற் பெருவளத்தான்மீது பாடிய இந்நூலில், அரசனின் விருந்தை நுகர்ந்த பொருநன் தன் பட்டறிவை விரித்துரைக்கிறான். அறுகம்புல் தின்று கொழுத்த ஆட்டின் வெந்த தொடை இறைச்சியும், கம்பியிற் கோத்துச் சுட்ட கொழுந்துண்டுகளும் மீண்டும் மீண்டும் படைக்கப்படுகின்றன. சூடு தாளாமல் வாயின் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்திற்கு மாற்றி மாற்றித் தின்கிறான். போதும் என்றபோது பல வடிவிலான இனிப்புப் பண்டங்கள் வருகின்றன. பின்னொரு வேளையில் சோற்றோடு பருக்கைக்கல்போல் பொரிந்த ‘கருனை’ வருகிறது. அது கழுத்தளவும் நிரம்ப உண்ணப்படுகிறது. கருனை என்பதற்குப் பொரிக்கறி என்று உரைகள் பொருள் காண்கின்றன. கல்லை உவமையாக்கியதால், சுவையினும் மொறுமொறுப்பே அங்குச் சிறப்பிக்கப்பட்டது எனலாம்.

இரவும் பகலும் ஊன் தின்றதால் கொல்லை உழுத கொழுவைப்போலப் பல் தேய்ந்தது என்றும், மூச்சுவிட இடமின்றி உணவையே வெறுக்கும் நிலை வந்தது என்றும் பொருநன் கூறுகிறான். நோய்க்குறிகளுக்கு நிகரான இவற்றை அவன் குறையாகச் சொல்லவில்லை. அரசனின் வள்ளன்மைக்குச் சான்றாகவே சொல்கிறான். தன் உடலில் ஏற்பட்ட தேய்மானமே அவன் காட்டும் பெருமிதச் சின்னம்.

இம்மிகைக்குப் பொருள் தருவது அதற்கு முன்னிருந்த வறுமை. அரசனைக் காணும்முன் பொருநன் அணிந்திருந்தது ஈரும் பேனும் குடியிருந்த, வேர்வையில் நனைந்து தையல்கள் நிறைந்த கந்தை. அக்கந்தையிலிருந்து பார்த்தால்தான் கழுத்தளவு உண்ட சோறு விளங்கும். மிகையான உணவைப் பாடும் இலக்கியம் பசியைப் பாடும் இலக்கியத்தின் மறுபக்கம். ‘உணவே மருந்து’ என்னும் சட்டகம் இப்பகுதியைக் கண்டுகொள்வதில்லை. கண்டாலும் விருந்தோம்பல் என்னும் தலைப்பில் ஒதுக்கிவிடுகிறது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்தும் இச்சட்டகத்திற்குள் அடங்காது. உண்டது செரித்ததை அறிந்து உண்பவனின் உடம்புக்கு மருந்தே தேவையில்லை என்பது அங்குள்ள கருத்து. உணவு மருந்தாகும் என்று அது கூறவில்லை. அளவறிந்தால் மருந்து வேண்டா என்கிறது. வயிற்றுத் தீயின் அளவை அறியாது மிகுதியாக உண்பவனுக்கு நோய் அளவின்றி வளரும் என்றும் உரைக்கிறது. இன்னின்ன பொருள் நல்லது, இன்னின்ன பொருள் தீயது என்னும் பட்டியல் எதுவும் அங்கு இல்லை. உண்பவர், காலம், செரிமானம் ஆகியவற்றைச் சார்ந்து மாறும் ‘அளவு’ ஒன்றே அவ்வதிகாரத்தின் மையம்.

6. மெய்ப்பாட்டு நோக்கு

தீங்கு தரும் உணவின் மீதான விருப்பத்தை விளக்கும் மேலைக் கோட்பாடுகளுள் பால் ரோசின் என்னும் அமெரிக்க உளவியலாளரின் ‘தீதற்ற துன்ப விழைவு’ குறிப்பிடத்தக்கது. மிளகாயின் எரிச்சலை உடல் ஆபத்தாக உணர்கிறது. அது உண்மையான ஆபத்தன்று என்பதை மனம் அறிகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடே இன்பமாகிறது என்பது அவர் கருத்து. மிளகாய்க்கு இது பொருந்தும். எண்ணெய்ப் பண்டத்திற்கு இது தலைகீழாகிறது: இங்கு உடல் இன்பத்தை உணர்கிறது; ஆபத்தை மனம் அறிகிறது. எனவே ரோசினின் கோட்பாட்டை அப்படியே பெயர்த்து நடுவது பயன்தராது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இதற்குச் செறிவான கருவியைத் தருகிறது. எட்டு மெய்ப்பாடுகளையும் கூறி, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன் நான்கு நான்காக அது வகுக்கிறது. உரையாசிரியர்கள் இதனைச் சுவைக்கப்படும் பொருள், சுவையுணர்வு, மனக்குறிப்பு, உடலில் தோன்றும் சத்துவம் என்னும் படிநிலைகளால் விளக்கினர். நாச்சுவையிலிருந்தே இலக்கியச் சுவையை விளக்கிய இம்மரபை மீண்டும் நாச்சுவைக்குப் பொருத்துவது முறையற்றதாகாது.

உவகைக்குரிய நிலைக்களன்கள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. பொரித்த பண்டம் புலனின்பம் தருவது வெளிப்படை. பழுப்பேறிய மேலோட்டின் மணம், மெயிலார்டு என்னும் பிரெஞ்சு அறிஞர் 1912இல் விளக்கிய வேதிவினையின் பயன். ‘மொறுமொறு’ என்னும் இரட்டைக்கிளவி செவிப்புலனுக்குரியது. ஆயினும் மாலைக் கடையில் விளையாட்டும் சேர்கிறது. யார் அதிகக் காரம் தின்பது என்னும் பந்தயம், கடைசித் துண்டுக்கான போட்டி ஆகியவை இதற்குச் சான்று.

நகைக்குரிய நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன். ‘மாரடைப்பு வரட்டும்’ என்று சிரித்தபடியே இன்னொரு தட்டு கேட்பவர், தம் பேதைமையைத் தாமே எள்ளுகிறார். அறிவு அங்கு இல்லாமற் போகவில்லை, நகையாக உருமாறியிருக்கிறது. பெருமிதத்தின் நிலைக்களன்களுள் தறுகண்ணும் கொடையும் உள்ளன. அளவு மீறியதைத் துணிந்து தின்பது தறுகண்ணின் எளிய நடிப்பு. பிறந்தநாளுக்கும் தேர்ச்சிக்கும் நண்பர்க்கு ‘ட்ரீட்’ தருவது கொடையின் எளிய வடிவம். பொருநனின் தேய்ந்த பல்லுக்கும் இம்மாணவரின் எண்ணெய் படிந்த விரலுக்கும் உள்ள உறவு இதுவே.

மருட்கைக்குரியவை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். உலகின் மிகையான பொரிபண்டங்கள் இதன்வழி விளங்கும். ஸ்காட்லாந்தின் ஸ்டோன்ஹேவன் ஊரில் 1990களின் முற்பகுதியில் ஒரு மீன் வறுவல் கடை மார்ஸ் சாக்லேட்டை மாவில் தோய்த்துப் பொரித்தது. கேலியாகத் தொடங்கிய அது நாட்டின் அடையாளமாகவே பேசப்பட்டது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சந்தையில் 2006இல் பொரித்த கோக்கும் 2009இல் பொரித்த வெண்ணெயும் விற்பனைக்கு வந்தன. நீர்மத்தைப் பொரிப்பதும் கொழுப்பைக் கொழுப்பிலேயே பொரிப்பதும் ‘இஃது இயலுமா’ என்னும் வியப்பையே விற்பனைப் பொருளாக்குவன. ஒன்று மற்றொன்றாக மாறும் ஆக்கம் மருட்கையின் நிலைக்களன் என்பதற்கு இவற்றினும் வெளிப்படையான சான்று அரிது.

ஆயினும் டெக்சாஸ் சந்தை ஆண்டுக்கொருமுறை வருவது. அங்கு மிகை, நாள்காட்டியின் எல்லைக்குள் நிகழ்கிறது. பொத்தேரியின் எண்ணெய்ச்சட்டி நாள்தோறும் காய்கிறது. இவ்வேறுபாட்டில்தான் சிக்கலின் மையம் உள்ளது.

7. நாள்காட்டியிலிருந்து நாள்தோறும்

‘எண்ணெய்’ என்னும் சொல் எள்ளின் நெய்யைக் குறித்துத் தோன்றியது. செக்கில் ஆட்டிய எண்ணெய் உழைப்பும் விலையும் மிக்கது. ‘வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு’ என்னும் பழமொழி, எண்ணெய் வணிகரை நோய்க்கு எதிரணியில் நிறுத்தியது. அரிதான பொருளைச் சட்டி நிறைய ஊற்றிக் காய்ச்சுவது விழாவுக்குரிய செயலாக இருந்தது. தீபாவளி அதிரசமும் முறுக்கும், அனுமனுக்குச் சாத்தும் வடைமாலையும், செட்டிநாட்டுத் திருமண வீட்டின் பலகாரங்களும் இவ்வரிசையின.

அம்மரபு மிகைக்கு மாற்றையும் உடன் வைத்திருந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம் முதலியன சேர்த்துக் கிளறும் தீபாவளி லேகியம், பலகாரத்தின் தீங்கை முன்னறிந்த சமையலறையின் விடை. லேகியத்திலும் நெய்யும் நல்லெண்ணெயும் சேர்வதுண்டு என்பது நயமானது. மிகையைத் தடை செய்யாமல், அதற்கு நாளும் குறித்து மருந்தும் வைத்த பண்பாடு அது.

இவ்வொழுங்கு குலைந்ததற்குப் பொருளியல் காரணம் உண்டு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த நிலக்கடலை, 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுப் பகுதியில் பெருமளவு பயிராகி எண்ணெய்க்குப் புதிய மூலமாயிற்று. பிற்காலத்தில் இறக்குமதியான பாமாயில் சந்தையை நிறைத்தது. தமிழ்நாட்டில் 2007 முதல் சிறப்புப் பொதுவிநியோகத் திட்டத்தின்கீழ் பாமாயில் நியாயவிலைக் கடைகளில் வழங்கப்படுகிறது. லிட்டருக்கு 25 ரூபாய் என்பது அதன் விலை. ஏழைக் குடும்பத்தின் சமையலறைக்கு எண்ணெய் எட்டியது உறுதியாக ஒரு பேறு. விழாவுக்குரியது அன்றாடமாக மாறியதும் இதே மலிவால்தான். ஆனால் லேகியமும் இடைவெளியும் அதனோடு சேர்ந்து வரவில்லை.

எனவே மாறியது நாவின் ஆசை அன்று. ஆசைக்கும் அதன் நிறைவுக்கும் இடையிலான தொலைவு. பொருநனுக்கு அத்தொலைவு பாலைவழி நடையாக இருந்தது. பாட்டி காலத்துப் பிள்ளைக்கு அது அடுத்த தீபாவளி வரையிலான காத்திருப்பு. பொத்தேரி மாணவருக்கு அது சாலையைக் கடக்கும் நேரம்.

8. எச்சரிக்கையின் மொழி

அரசின் ஒழுங்குமுறைகள் இருவகைப்படுகின்றன. முதல்வகை பொருளின் தரத்தைப் பற்றியது. பயன்படுத்திய எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டை மீறலாகாது என்னும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் வரம்பு 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் பயன்படுத்திய எண்ணெயைத் திரட்டி உயிரி டீசலாக்கும் திட்டமும் தொடங்கப்பட்டது. ஊடுகொழுப்பின் உச்சவரம்பு 2022 ஜனவரியில் 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கோழி, மீன் கபாப்களில் செயற்கை நிறமிகளைக் கர்நாடக அரசு 2024 ஜூனில் தடை செய்தது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது.

இரண்டாம் வகை, தின்பவரின் மனத்தை நோக்கியது. அலுவலகங்களில் சமோசா, ஜிலேபி முதலியவற்றின் எண்ணெய், சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகளை வைக்குமாறு மத்திய நலவாழ்வு அமைச்சகம் 2025இல் அறிவுறுத்தியபோது, தெருக்கடைப் பண்டங்கள்மீது எச்சரிக்கை முத்திரை வரப்போவதாகச் செய்தி பரவியது. விற்பனையாளர்க்கு அத்தகைய ஆணை எதுவும் இல்லை என்று ஜூலையில் அரசு விளக்கமளித்தது. அச்செய்தி எழுப்பிய கொந்தளிப்பு ஓர் உண்மையைக் காட்டியது: சமோசாவையும் வடையையும் மக்கள் ஊட்டச்சத்துப் பொருளாகப் பார்க்கவில்லை, தம் உரிமையாகவும் அடையாளமாகவும் பார்த்தனர்.

முதல்வகை ஒழுங்குமுறைக்கும் இரண்டாம் வகைக்கும் உள்ள வேறுபாடு அறம் சார்ந்தது. எண்ணெய் எத்தனை முறை காய்ந்தது, கோழியின் செந்நிறம் மிளகாயால் வந்ததா நிறமியால் வந்ததா என்பவற்றைத் தட்டின் முன் நிற்பவர் அறிய இயலாது. அவற்றுக்கு விற்பவரும் அரசுமே பொறுப்பு. எத்தனை துண்டு தின்பது என்பது தின்பவரின் பொறுப்பு. முன்னதைக் கண்காணிக்கத் தவறிவிட்டுப் பின்னதைக் குறித்து மட்டும் இளைஞரைக் கடிந்துரைப்பது, கடனை இடம் மாற்றுவதாகும். எச்சரிக்கையால் மட்டும் ஈர்ப்பைக் குறைக்க இயலாது என்பதற்கும் மெய்ப்பாட்டு நோக்கு காரணம் காட்டுகிறது. தீங்கு என்னும் அறிவு நகைக்கும் தறுகண்ணுக்கும் மூலப்பொருளாகும் இடத்தில், எச்சரிக்கையைக் கூட்டுவது சுவையைக் கூட்டுவதாகவும் முடியலாம்.

இதற்கு மறுப்பும் எழலாம். மெய்ப்பாடு, மரபு என்று பேசுவது நோயை அழகுபடுத்துவதாகாதா? உடலின் இழப்பு உவமையால் குறைவதில்லை. இம்மறுப்பு நியாயமானது. பொருநன் சில நாளில் விருந்தை முடித்து விடைபெற்றான். அவனே உணவை முனிந்தான். அந்த முனிவு, மிகைக்குள்ளேயே பிறக்கும் அளவுணர்வு. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கிடைக்கும் மிகையில் இந்த முனிவு தோன்ற வாய்ப்பில்லை. எனவே ஈர்ப்பை விளக்குவது அதனைப் போற்றுவதாகாது. அதன் எல்லை எங்குத் தொலைந்தது என்று கண்டறிவதாகும்.

9. முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

பொரித்த பண்டங்களைத் தமிழ் மொழிமரபு ‘தின்பன’ என்னும் தனிவகையில் வைத்துள்ளது. அவற்றை உண்பனவற்றின் அளவுகோலால் மட்டும் மதிப்பிடும்போது அவற்றின் ஈர்ப்பு விளங்காமற் போகிறது.

அவ்வீர்ப்பு அறியாமையிலிருந்து எழுவதன்று. தீங்கு பற்றிய அறிவு நகை, பெருமிதம், மருட்கை ஆகிய மெய்ப்பாடுகளாக உருமாறி உவகையோடு கலக்கிறது. ‘65’ என்னும் எண்ணைச் சுற்றிய வாய்மொழிக் கதைகள் இதனை உறுதிசெய்கின்றன.

மிகை தமிழ் மரபுக்கு அயலானதன்று. பொருநராற்றுப்படை அதனைப் பெருமிதத்துடன் பாடுகிறது. தீபாவளிப் பலகாரமும் லேகியமும் அதனை நாள்குறித்து ஒழுங்குபடுத்தின. மலிவான எண்ணெயும் நகர வாழ்வும் அந்த இடைவெளியை நீக்கியதே இன்றைய சிக்கல்.

‘உணவே மருந்து’ என்னும் தொடரைத் திருக்குறளின்மீது ஏற்றுவதைவிட, அந்நூல் உண்மையில் வலியுறுத்தும் ‘அளவு’ என்பதனைத் திறனாய்வுக் கருவியாகக் கொள்வது பொருத்தமானது. அளவு என்பது பொருளுக்குரிய எண் மட்டுமன்று. காலம், இடைவெளி, செரிமானம், உடனிருப்போர் ஆகியவற்றோடு தொடர்புடைய உறவு.

தமிழாய்வுத் துறைகள் சங்ககாலப் பட்டியல்களோடு நின்றுவிடாமல், புறநகர்க் கடைத்தெருக்களின் உணவுச் சொற்கள், பெயர்க்கதைகள், வினைவழக்குகள் ஆகியவற்றையும் களப்பணி வழியே தொகுத்தல் வேண்டும். கருனை என்னும் சொல்லுக்கு உரையாசிரியர் பொருள் எழுதிவைத்ததால்தான் பொருநனின் பொரிக்கறி இன்றும் விளங்குகிறது. பொத்தேரியின் விலைப்பலகைகளுக்கும் அத்தகைய உரை எழுதப்பட வேண்டிய காலம் இது.